ஹெல்சின்கியில் ஒரு கட்டைவிரல்

டிசம்பரில் ஹெல்சின்கிக்குப் போகாதே என்று எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. 60ஆவது வட அட்சரேகையில் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. காலை ஒன்பதேகாலுக்கு மேல்தான் பொழுது விடியும், பிற்பகல் மூன்றேகாலுக்குள் இருட்டத் தொடங்கிவிடும். இடைப்பட்ட ஆறு மணி நேரத்தை வெயில் நேரம் என்று சொல்வதற்கு நல்ல மனசு வேண்டும். மேகத்துக்குப் பின்னால் ஏதோ வெளிச்சம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு நடக்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் போனேன். மண்டையைத் திறக்காமல், ஊசி குத்தாமல், மாத்திரை கொடுக்காமல் மூளையின் நரம்பு இணைப்புகளை வலுவாக்கிப் பார்க்கும் வேலை அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. அதை எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை என் தலையையும் கையையும் அந்த நாற்காலியில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. நண்பர் ஒருவர் பேசி, ஓர் ஆய்வுக்கூடத்தில் தன்னார்வலனாக என்னைச் சேர்த்துவிட்டார்.

ரயில் நிலையத்தை ஒட்டி பச்சையும் மஞ்சளும் பூசிய டிராமில் ஏறினால் மன்னர்ஹெய்ம் சாலை வழியாக வடக்கே போகலாம். நாடாளுமன்றம், தேசிய அருங்காட்சியகம், ஃபின்லாந்தியா மண்டபம், ஓபரா என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய கட்டடங்கள் வருகின்றன. வண்டி நிறைய ஆள். ஒரு குரல் இல்லை. நம் ஊர்ப் பேருந்தில் இத்தனை பேர் இப்படி வாய்மூடி உட்கார்ந்திருந்தால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். இங்கே அது சாதாரணச் செவ்வாய்க்கிழமை.

வடக்கே மெய்லாத்தி என்ற பகுதியில் பல்கலைக்கழக மருத்துவமனையின் கட்டடங்கள் கூட்டமாக நிற்கின்றன. அதற்குள்தான் பயோமேக் என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. மூளையின் காந்த அளவீட்டில் உலகெங்கும் தெரிந்த பெயர். 55 லட்சம் பேர் மட்டுமே வாழும் ஒரு நாடு இந்தத் துறையில் எப்படி முன்னால் போய் நின்றது? விடை கொஞ்சம் விசித்திரமானது: குளிரால்.

தெருவில் இருக்கும் குளிரைச் சொல்லவில்லை. 1965இல் ஒல்லி லோவுனஸ்மா என்ற இயற்பியலாளர், ஹெல்சின்கிக்கு மேற்கே ஒட்டானியெமியில் இருந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாழ்வெப்பநிலை ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். மைனஸ் 269 டிகிரியில் கொதிக்கும் திரவ ஹீலியத்தோடு புழங்கிய கூட்டம் அது. பின்னாளில் ரோடியம் உலோகத்தின் அணுக்கருக்களைத் தனிச்சுழிக்கு மேலே ஒரு டிகிரியின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு வரைக்கும் குளிர்வித்துச் சாதனை செய்தார்கள். திரவ ஹீலியத்தின் குளிரில் வேலை செய்யும் ஸ்குவிட் என்ற உணர்கருவி மிக மெல்லிய காந்தப்புலத்தையும் பிடித்துவிடும். அதைத் தலையருகே கொண்டுபோனால்? மூளை நினைக்கும்போது எழும் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தில் ஏறக்குறைய 50 கோடியில் ஒரு பங்கு. அதையும் ஸ்குவிட் கேட்டது. இயற்பியல்காரர்களின் பக்கத்தில் மருத்துவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். 306 உணர்கருவிகள் பதித்த தலைக்கவசம் ஒட்டானியெமியில் பிறந்த நியூரோமேக் நிறுவனத்திலிருந்து உலகமெங்கும் போனது.

கேட்கத் தெரிந்தவர்களுக்கு அடுத்த ஆசை, பதில் பேசிப் பார்ப்பது. அதற்கான கருவி இங்கிலாந்திலிருந்து வந்தது. ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1985இல் கம்பிச்சுருள் ஒன்றைத் தலைக்கு மேலே பிடித்து, அதில் ஒரு நொடியின் சிறு துகள் நேரம் பெரும் மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே தூண்டல்தான்: மாறும் காந்தப்புலம், அதனால் மூளைக்குள் ஒரு சிறு மின்னோட்டம். எலும்பு காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவரின் கை துடித்தது, வலி இல்லாமல்.

எனக்கு நேரம் கொடுத்திருந்தது பிற்பகலில். ஏன் காலையில் இல்லை என்று கேட்டதற்கு ஆய்வாளர் (முப்பது வயதுப் பெண்மணி, பேச்சில் ஒரு சொல்கூட அதிகம் இருக்காது) "மதியத்துக்குமேல் மூளை நன்றாகக் கேட்கிறது" என்றார். அது பேச்சுக்குச் சொன்னதல்ல. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு ஆய்வாளர்கள் இதை அளந்திருக்கிறார்கள். காலையில் உடம்பில் உயர்ந்திருக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மூளை இணைப்புகள் மாறும் நெகிழ்வைக் குறைத்துவிடுகிறது. நான் உள்ளே நுழைந்தபோது ஜன்னலுக்கு வெளியே இருள் கவிந்திருந்தது. மணி மூன்றரை.

மேஜைமேல் காபியும் ஏலக்காய் மணக்கும் புல்லா ரொட்டியும் இருந்தன. ஃபின்லாந்துக்காரர்கள் குடிக்கும் காபிக்குக் கணக்கு வைப்பது சிரமம். ரொட்டியில் ஏலக்காயை அவர்கள் போடும் தாராளத்தைப் பார்த்து எனக்கு ஒரு கணம் பாயசம் நினைவுக்கு வந்தது. "அது பிறகு" என்று தட்டை நகர்த்திவைத்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார் ஆய்வாளர். தலைக்குள் உலோகத் துண்டு உண்டா? இதயத்தில் பேஸ்மேக்கர்? வலிப்பு வந்ததுண்டா? நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? கடைசிக் கேள்விக்கு விமானப் பயணம் செய்து வந்தவன் என்ன பதில் எழுதுவான்!

நாற்காலியில் சாய்ந்ததும் நெற்றியில் ஒரு பட்டை. அதில் ஒளியைத் திருப்பியனுப்பும் குட்டிக் குண்டுகள். எதிரே அகச்சிவப்புக் கேமரா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நான் தலையை இம்மியளவு அசைத்தால் திரையில் என் மூளையும் அசைகிறது. முன்பே எடுத்திருந்த எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து உருவாக்கிய மூளை அது. தோலை உரித்து, எலும்பை உரித்து, மடிப்புகள் தெரியும்வரை சுட்டியால் உள்ளே இறங்கலாம். தன் மூளையைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சொல்லத் தெரியாத கூச்சத்தைத் தருகிறது. கையை இயக்கும் இடம், நடுப்பள்ளத்துக்கு முன்னால், ஒரு சிறு குமிழாகப் புடைத்திருந்தது. ஆய்வாளர் அந்தக் குமிழின்மேல் ஒரு சிவப்புப் புள்ளியை வைத்தார். இப்படி வழிகாட்டிக் குறிவைக்கும் கருவியைச் செய்யும் நெக்ஸ்டிம் நிறுவனமும் ஹெல்சின்கியைச் சேர்ந்ததுதான். மூளைக் கட்டியை அறுக்கும் முன் கை, பேச்சு போன்றவற்றின் இடங்களை வரைந்துகொள்ள அறுவை மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

எட்டு என்ற எண்ணைப் போல் வளைத்த கம்பிச்சுருள் (காயில்) ஒன்று என் இடப்பக்கத் தலையைத் தொட்டது. காதில் பஞ்சு. "தயாரா?" அடுத்த நொடி, கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் காய்மேல் பலமாக மோதும் சத்தம். அதோடு என் வலது கட்டைவிரல் துள்ளியது.

நான் துள்ளவைக்கவில்லை. இதை எத்தனை முறை படித்திருந்தாலும் நடக்கும்போது நம்ப முடிவதில்லை. விரல் என்னுடையது, நினைப்பு என்னுடையது இல்லை. சிரித்துவிட்டேன். ஆய்வாளர் சிரிக்கவில்லை; அவருக்கு ஆயிரம் கட்டைவிரல்கள் துள்ளியிருக்கும். கட்டைவிரல் அடித்தசையில் ஒட்டியிருந்த எலக்ட்ரோடு அந்தத் துள்ளலை ஓர் அலையாகத் திரையில் வரைந்தது. சத்தம் கேட்டு ஏறக்குறைய 20 மில்லி விநாடியில் அலை எழுகிறது. மூளைப் புறணியிலிருந்து தண்டுவடம் இறங்கி, தோள், முழங்கை தாண்டிக் கட்டைவிரலுக்கு வந்துசேர அவ்வளவு நேரம். அந்த அலையின் உயரம்தான் முதல் அளவு. ஒரே காயில், ஒரே விசை. பிற்பாடு அலை உயர்ந்தால், நடுவில் மூளை எதையோ கற்றிருக்கிறது.

இனித்தான் ஜோடி.

மணிக்கட்டின் உட்புறத்தில், மீடியன் நரம்பின்மேல், இன்னொரு எலக்ட்ரோடு. அதில் ஒரு சிறு மின்தட்டு கொடுத்தால் கட்டை, சுட்டு, நடுவிரல்களில் சுரீர் என்கிறது. அந்தச் செய்தி கையின் வழியே ஏறி மூளையின் தொடுவுணர்வுப் பகுதியை அடையவும் 20 மில்லி விநாடி பிடிக்கும். ஒரு மீட்டர் தூரத்தை அந்த நேரத்தில் கடப்பது என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம். என் கை குட்டை என்பதால் எனக்கு 19தான். ஆய்வாளர் தனக்கு 21 என்றார், ஆறடி உயரக்காரி. தொடுவுணர்வுப் பகுதியிலிருந்து அடுத்திருக்கும் இயக்கப் பகுதிக்குத் தாண்ட இன்னும் சில மில்லி விநாடிகள். ஆக, மணிக்கட்டில் தட்டி 25 மில்லி விநாடி கழித்துத் தலையில் காந்தத்தைச் சொடுக்கினால், கீழிருந்து வந்த செய்தியும் மேலிருந்து தூண்டியதும் இயக்கப் பகுதியில் ஒரே நேரத்தில் சந்திக்கும். சந்தித்துச் சந்தித்து அந்த வழி வலுப்படும்.

இந்த முறை பிறந்தது ஹெல்சின்கியில் அல்ல. இதே பால்டிக் கடலின் தென்கரையில், ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரத்தில். கத்ஜா ஸ்டெஃபான், யோசஃப் கிளாசன் முதலியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அது. 20 விநாடிக்கு ஒரு ஜோடி, மொத்தம் 90 ஜோடி, அரை மணி நேரம். முடிந்தபின் கட்டைவிரலின் அலை உயர்ந்திருந்தது. உடனே இறங்கிவிடவில்லை, அரை மணி தாண்டியும் உயர்ந்தே நின்றது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே குழுவினர் இடைவெளியை 25இலிருந்து 10ஆகச் சுருக்கினார்கள். கீழிருந்து செய்தி வந்துசேரும் முன்பே காந்தம் சொடுக்கிவிடுகிறது. அலை இறங்கியது. வழி பலவீனமாயிற்று. 15 மில்லி விநாடி வித்தியாசத்தில் மூளை கற்கிறது, அல்லது மறக்கிறது. எனக்கு மலைப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

இதற்கு முன்னோடி உண்டு. இணைந்து எரியும் நரம்பணுக்களுக்கு இடையே பிணைப்பு வலுப்படும் என்று கனடாவின் டொனால்டு ஹெப் 1949இல் ஊகித்தார். 1973இல் ஆஸ்லோவில் டிம் பிளிஸும் டெரியே லேமோவும் முயலின் மூளையில் அதைக் கண்ணால் பார்த்தார்கள். 1997, 1998இல் தட்டில் வைத்த நரம்பணுக்களில் வரிசை முக்கியம் என்று தெரியவந்தது. செய்தி அனுப்பும் நரம்பணு முதலில் எரிந்தால் வலு, பெறும் நரம்பணு முதலில் எரிந்தால் தளர்ச்சி, அதுவும் ஏறக்குறைய 20 மில்லி விநாடிக்குள். ஆய்வுக்கூடத் தட்டில் பார்த்த அந்தச் சட்டம் முழு மனிதனின் கட்டைவிரலில் ரோஸ்டாக்கில் எட்டிப் பார்த்தது. அதற்கு இன்னொரு சாட்சியும் வைத்தார்கள். இருமல் மருந்தில் போடும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் நரம்பணு இணைப்பில் கற்றலுக்கு வேண்டிய என்எம்டிஏ வாயில்களை அடைக்கும். அதைக் கொடுத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்தால் அலை உயரவில்லை.

90 ஜோடிக்கு இடையே 20 விநாடி மௌனம். சொடுக்கு, மௌனம். சொடுக்கு, மௌனம். மணிக்கட்டில் சுரீரும் தலையில் சத்தமும் எனக்கு ஒன்றாகவே கேட்டன. அந்த 25ஐப் பிரித்தறிய மனுஷ மனசால் முடியாது போலிருக்கிறது. ஆய்வாளர் ஒரே ஒரு கட்டளை இட்டிருந்தார்: "கையைப் பாருங்கள். தட்டுகளை எண்ணுங்கள். வேறு எதையும் நினைக்காதீர்கள்." இதற்கும் காரணம் இருக்கிறது. 2004இல் கிளாசன் குழுவினர் தன்னார்வலர்களின் கவனத்தை எதிர்க்கையின் பக்கம் திருப்பிவிட்டுப் பார்த்தார்கள். மில்லி விநாடி துல்லியமாக ஜோடி சேர்த்தும் வழி வலுப்படவில்லை. கவனிக்காதவனுக்குக் காந்தமும் கற்றுத்தராது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடித்துச் சொன்னதற்கு இன்னொரு சான்று என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் அடித்தது தலையில் இல்லை.

நாற்பதாவது தட்டுக்கு அருகில் ரொட்டியைப் பற்றி நினைத்தேன். ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த 90 சொடுக்குகள் ஒரு பொழுதுபோக்கு என்றால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். மெய்லாத்தியில் அனஸ்தாசியா ஷுல்கா தலைமையிலான குழு கேட்டது வேறு கேள்வி: மூளைக்குள் இரண்டு செய்திகளைச் சந்திக்கவைக்க முடிந்தால், தண்டுவடத்துக்குள் முடியாதா? விபத்தில் தண்டுவடம் நசுங்கியவர்களில் பலருக்கு எல்லா நார்களும் அறுந்துவிடுவதில்லை. ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கும். ஆனால் தசையை அசைக்கும் அளவுக்கு அவற்றுக்கு வலு இருக்காது. மூளைக்குக் காந்தம் சொடுக்கினால் மேலிருந்து ஒரு செய்தி இறங்கும். கை அல்லது கால் நரம்பில் மின்தட்டு கொடுத்தால், நரம்பின் வழியே கீழிருந்து ஒன்று தண்டுவடத்துக்கு ஏறும். கணக்குப் பார்த்து இரண்டையும் தண்டுவடத்தின் இயக்க நரம்பணுவிடம் சந்திக்கவைத்தால், மிஞ்சிய அந்த இணைப்பு வலுப்படலாம்.

சிக்கல் என்னவென்றால், காயம்பட்ட தண்டுவடத்தில் செய்தி எந்த வேகத்தில் இறங்கும் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. 25ஆ, 10ஆ என்ற விளையாட்டுக்கு அங்கே இடமில்லை. அதனால் ஹெல்சின்கிக்காரர்கள் குறியை அகலமாக்கினார்கள். காந்தத்தை மிக வலுவாகச் சொடுக்கி, நரம்பில் ஒரு தட்டுக்குப் பதிலாக மிக வேகமாக ஆறு தட்டுகள் தொடர்ச்சியாகக் கொடுத்தார்கள். ஆறில் ஏதாவது ஒன்றாவது சந்திப்பில் அமைந்துவிடும் அல்லவா! 2016இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஆண்டுக்கணக்கில் அசையாதிருந்த தசைகள். பல மாத காலம் இந்த ஜோடித் தூண்டலுக்குப் பின், கால்கள் செயலிழந்தவருக்குக் கணுக்கால்களை மேலும் கீழும் அசைக்க முடிந்தது. கைகால்கள் நான்கும் பாதிக்கப்பட்டவருக்குப் பொருளைப் பிடிக்க முடிந்தது. தூண்டல் இல்லாமலே, அதை நிறுத்தி ஒரு மாதம் கழிந்தும். அமெரிக்காவில் கரேன் பன்டே, மோனிகா பெரேஸ் இருவரும் 2012இலேயே ஜோடித் தூண்டலால் தண்டுவட நோயாளிகளின் கைத்திறன் தற்காலிகமாகக் கூடுவதைக் காட்டியிருந்தார்கள். செய்திகள் வந்துசேரும் வரிசையை மாற்றியபோது அங்கேயும் பலன் மாறிப்போனது.

இரண்டு பேரை வைத்துப் புரட்சி என்று எழுதும் பழக்கம் நம் பத்திரிகைகளுக்கு உண்டு. நான் எழுத மாட்டேன். இரண்டு என்றால் இரண்டுதான். பிறகு வந்த ஆய்வுகளிலும் எண்ணிக்கை சிறியதே. ஆனால் பொருளைப் பிடிக்க முடிவது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஸ்பூனைத் தானே பிடிக்க முடியாத ஒருவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் ஒட்டானியெமிக்குப் போனேன். 2017இல் மேற்கே நீட்டிய மெட்ரோவில், பல்கலைக்கழகத்தின் பெயரையே வைத்திருக்கும் நிலையத்தில் இறங்க வேண்டும். ஆல்வர் ஆல்டோ வடிவமைத்த செங்கல் கட்டடங்களுக்கு நடுவில் பனிக்குழம்பு. இங்கேதான் ரிஸ்தோ இல்மோனியெமியின் குழு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஐந்து காயில்கள் கொண்ட கருவியைக் கட்டியிருக்கிறது. பழைய காயிலில் குறியை மாற்ற வேண்டுமானால் கையால் நகர்த்த வேண்டும். இதில் ஐந்து காயில்களிலும் மின்சாரத்தை மாற்றிப் பங்கிட்டாலே போதும். காயில் அசையாமல் குறி நகரும். மில்லி விநாடி இடைவெளியில் மூளையின் இரண்டு இடங்களை அடுத்தடுத்துத் தொடலாம் என்று பொருள். கையும் மூளையும் என்ற ஜோடி போய், மூளையும் மூளையும் என்ற ஜோடி வருகிறது. ஜெர்மனியின் டூபிங்கன், இத்தாலியின் கியேத்தி பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து அதற்கு ஐரோப்பிய நிதியும் பெற்றிருக்கிறார்கள். மூளையின் மின்னலைகளைப் பார்த்து, அதுவே தயாராக இருக்கும் கணத்தில் சொடுக்குவது அவர்களின் நோக்கம்.

அந்தத் தயார்நிலை பெரிய விஷயம். ஜோடித் தூண்டலின் அழகான வரைபடங்கள் சராசரியைக் காட்டுகின்றன. தனித்தனியே பார்த்தால் ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம்தான் அலை எதிர்பார்த்தபடி உயர்கிறது. மீதிப் பேருக்கு ஒன்றும் ஆவதில்லை, சிலருக்கு இறங்குகிறது. வயது, தூக்கம், நாளின் நேரம், மரபணு என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. காலம் பார்த்துத் தட்டுவதில் இவ்வளவு கெட்டிக்காரர்கள், எதிரே இருப்பவனின் மூளை அந்நேரம் எந்த மனநிலையில் இருக்கிறது என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இல்மோனியெமி 1990களிலேயே சொடுக்கும் காந்தத்தையும் மின்னலைப் பதிவையும் ஒன்றாக இணைத்தவர். அந்தக் கேள்வியை அவர்தான் கையில் எடுத்திருக்கிறார் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

மெட்ரோ மேடையில் நின்றபோது ஆய்வாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வாழ்த்து இல்லை, முன்னுரை இல்லை. "பதிவின் இரைச்சலை நீக்கிக் கணக்கிட்டேன். கட்டைவிரல் அலையில் மாற்றம் இல்லை. அடுத்த வாரம் 10 மில்லி விநாடியில் செய்துபார்க்க வர முடியுமா?" எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதினேன். ரயில் வருவதற்குள் பதில் வந்துவிட்டது: "பிற்பகல் நான்கு. இம்முறை தூங்கிவிட்டு வாருங்கள்."